கார்ல ஏத்தினதை விட இறக்கினதுதான் ஜாஸ்தி

குடும்பமா கார்லயே தங்கிப் பயணம் போகணும்னு சாமானெல்லாம் ஏத்தின காரை எடை போட்டப்ப, எடை மேடைல குடுத்த சீட்டை இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கேன். 2180 கிலோ. எங்க காருக்கு ஆளு, சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 2100 கிலோ. இது ஒண்ணும் ரகசியம் இல்ல, டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயும் கார் புக்லயும் இருக்கு. அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடற நாங்க அன்னிக்குத்தான் முதல் தடவையா அதை உக்காந்து படிச்சோம்.

நாங்க நாலு பேர். நான், வீட்டுக்காரர், பதினோரு வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன். கார் சாதாரண ஏழு சீட் குடும்பக் கார்தான், முன் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி, நாலு வீலும் இழுக்கற ஜீப் எல்லாம் இல்ல. ஒரே இடத்துல போய் ரூம் எடுத்துத் தங்காம நாலஞ்சு நாள் ஓட்டிக்கிட்டே போகணும், இருட்டற நேரத்துல அனுமதி இருக்கற இடமா பாத்து நிறுத்தணும், அங்கயே சமைச்சு அங்கயே தூங்கணும், இதுதான் ஆசை. ஆசை வந்ததும் வீடியோ பாக்க ஆரம்பிச்சோம், வீடியோ பாத்தா ஒவ்வொருத்தர் வண்டிலயும் கூரை மேல டென்ட், டிக்கில இழுப்பறை, பின்னாடி கேரியர், பக்கவாட்டுல விரியற பந்தல், சரி இதெல்லாம் இருந்தாத்தான் போக முடியும் போலன்னு ஒண்ணொண்ணா வாங்கி மாட்டிட்டோம். ஒவ்வொண்ணும் தனியா பாத்தா நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் ஒரே கார்ல கூட்டிப் பாக்கணும்னு மட்டும் தோணல.

கணக்கு ரொம்ப சுலபம். உச்சவரம்புலேர்ந்து காலிக் காரோட எடையைக் கழிச்சா மீதி வர்றதுதான் நாம ஏத்தலாம். எங்களுக்கு அது 520 கிலோ. (சில நாட்டுக் கணக்குல காலிக் காரோட எடைக்குள்ளயே டிரைவருக்குன்னு 75 கிலோ சேர்த்திருப்பாங்க, அதனால புக்ல சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க.) நாங்க நாலு பேரே 190 கிலோ. மீதி 330. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் இறக்கி ஒண்ணொண்ணா நிறுத்தேன். கூரை டென்ட், அதைத் தாங்கற கம்பி, பந்தல் மூணும் 81 கிலோ. பதினெட்டு மி.மீ பிளைவுட்ல செஞ்ச இழுப்பறை 64, அதுக்குள்ள ஒரு சாமான் கூட வைக்காம! ஃபிரிட்ஜ் உள்ள இருக்கறதோட 37. ரெண்டாவது பேட்டரி 28. தண்ணி 42. பின் கேரியரும் அதுல இருந்ததும் 60. டூல்ஸ், டயருக்குக் காத்தடிக்கற கம்ப்ரசர் எல்லாம் 27. துணிமணி, போர்வை 38. அடுப்பு, மேசை, நாற்காலி 36. கூட்டிப் பாருங்க, 413.

கூரைக்குன்னு தனி வரம்பு இருக்கு, அதைப் பத்தி நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. குடும்பக் கார்கள்ல பெரும்பாலும் 50லேர்ந்து 100 கிலோக்குள்ளதான் இருக்கும், எங்களுக்கு 75. டென்ட்டை மாட்டற கம்பியோட எடையும் அந்த 75க்குள்ளதான் அடக்கம். அப்புறம் எப்படி டென்ட்டுக்குள்ள ரெண்டு பேர் ஏறிப் படுக்கறாங்கன்னு கேக்கலாம். புக்ல போடற வரம்பு வண்டி ஓடும்போதுக்கு. பிரேக், வளைவு, பள்ளம்னு ஒவ்வொண்ணும் கூரையில இருக்கற எடையை இழுத்து உதறும். நிக்கற கார்ல அந்த உதறல் இல்லாததால கூரை அதைவிட நல்லாவே அதிகம் தாங்கும். ஆனா டென்ட்டை ஓட்டிக்கிட்டுப் போறப்பவும் தலை மேல தூக்கிட்டுத்தானே போறோம். முதல் ட்ரிப்ல மலை வளைவுல நான் ஓட்டிக்கிட்டு இருந்தேன், ஸ்டியரிங்கைத் திருப்பினா கார் முதல்ல திரும்புது, அரை நொடி கழிச்சு மேல்பாதி தனியா சாயுது. அந்த அரை நொடி என் வயித்துல இன்னும் இருக்கு. பின்னாடி ரெண்டு பசங்க தூங்கிட்டு இருந்தாங்க.

மொத்த எடையை விட மோசமா இருந்தது பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரம் ரெண்டு மேலயும் சேர்ந்து இறங்கற எடை. எடை மேடைல மொத்த வண்டியும் ஏத்தி ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் மேடை மேல இருக்கற மாதிரி நிறுத்தி ஒரு தடவை, இப்படி ரெண்டு தடவை போடச் சொல்லுங்க, கேட்டா போட்டுத் தருவாங்க. எங்களுக்குப் பின் ஆக்ஸில் வரம்பு 1120, சீட்டுல வந்தது 1245. காரணம் அந்தப் பின் கேரியர். அது பின் சக்கரத்துலேர்ந்து ஒரு மீட்டர் வெளிய தொங்குது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.7 மீட்டர். அறுபது கிலோவை அங்க தொங்க விட்டா நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு பின் ஆக்ஸில்ல 82 கிலோவா இறங்குது, முன்பக்கம் 22 கிலோ தூக்கிடுது. எங்க வண்டியில முன் சக்கரம்தானே இழுக்கறதும் திருப்பறதும், பிரேக்கும் அதுதான் அதிகமா பிடிக்குது. அதோட எடையை நாமளே கம்மி பண்றோம். இதைப் படிக்கறவங்க வேற எதையும் செய்யலைன்னாலும் பரவால்ல, பொருள் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடை மேடைக்குப் போயிட்டு வாங்க.

அப்புறம் கழட்ட ஆரம்பிச்சோம். கூரை டென்ட், பந்தல், கம்பி எல்லாம் போச்சு, அதுக்குப் பதிலா 9 கிலோ தரை டென்ட்டும் ஒரு தார்ப்பாயும். நானும் பையனும் கார்ல, அவரும் பொண்ணும் டென்ட்ல. இழுப்பறைக்குப் பதிலா மூடி போட்ட பிளாஸ்டிக் கிரேட், ராட்செட் ஸ்ட்ராப் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கற பட்டை) போட்டுத் தரையில இருக்கற கொக்கியோட இறுக்கிக் கட்டிடறேன். கேரியர் போச்சு. மேசை சின்னதாச்சு. தண்ணி கேனை ரெண்டாவது வரிசை சீட்டோட முதுகை ஒட்டித் தரையில வெச்சேன், தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, கார்ல இருக்கறதுலயே கனமான பொருள் அதுதான், அதனால கீழ, பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி. குடிக்க, சமைக்கன்னு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலஞ்சு லிட்டர் வெச்சுக்கறோம், நாப்பது லிட்டர் எங்களுக்கு ரெண்டு நாள்.

கட்டறதைப் பத்திக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். 60 கி.மீ வேகத்துல போற கார் எதுலயாவது மோதி நின்னா, உள்ள கட்டாம இருக்கற பொருள் அதே 60ல முன்னாடி வரும். அந்த வேகம் கிட்டத்தட்ட 14 மீட்டர் உயரத்துலேர்ந்து கீழ விழற பொருளோட வேகம். நாலு மாடிக்கு மேலேர்ந்து இருபது கிலோ தண்ணி கேன் விழுதுன்னு வெச்சுக்கோங்க, அது விழற இடத்துல பசங்க தலை இருக்கு. இதைக் கணக்குப் போட்டுப் பாத்த அன்னிக்கு ராத்திரியே போய் எல்லாத்தையும் மறுபடி கட்டினேன். எலாஸ்டிக் கயிறு இதுக்கு ஆகாது, இழுபடும்.

படுக்கைப் பலகை நானே செஞ்சது. 12 மி.மீ பிளைவுட், ரெண்டு துண்டு, நடுவுல கீல். பகல்ல பின்பாதி மட்டும் டிக்கில கிரேட்டுங்க மேல இருக்கும், ராத்திரி ரெண்டாவது வரிசை சீட்டை மடிச்சதும் முன்பாதி அதுக்கு மேல விரிஞ்சு ரெண்டு மடக்குக் கால்ல நிக்கும். மொத்த நீளம் 1.85 மீட்டர். முதல் தடவை அறுத்து வெச்சப்ப அழகா உக்காந்துச்சு, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, மறுநாள் பையன் சீட்டை மாட்டப் போனா மேல் பட்டைக் கொக்கி போடற வளையம் பலகைக்குக் கீழ மாட்டிக்கிச்சு. குழந்தை சீட் கீழ ரெண்டு ஐசோஃபிக்ஸ் கொக்கில (குழந்தை சீட்டை மாட்டறதுக்குன்னே கார் சீட்ல வர்ற கொக்கி) மட்டும் நின்னா போதாது, மேல் பட்டை இருக்கற சீட்டா இருந்தா அதையும் போட்டே ஆகணும், இல்லன்னா மோதும்போது சீட் முன்னாடி கவிழும். மறுபடி பலகையைக் கழட்டி அந்த இடத்துல கை போற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இப்ப பொண்ணே கையை விட்டு மாட்டிட்டு ‘டக்’குனு சத்தம் வந்தா எனக்குச் சொல்றா.

இன்னொண்ணும் கவனிங்க. ஜன்னலுக்கு மேல கைப்பிடி இருக்குல்ல, அதுல வலை, விளக்கு, சாமான் பைன்னு தொங்க விடறது நல்லாத்தான் இருக்கும். ஆனா பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கற கார்கள்ல அந்த வரிசையிலதான் அது சுருண்டு ஒளிஞ்சிருக்கு. ஓடும்போது அந்த இடத்துல கெட்டியா எதுவும் இருக்கக்கூடாது. சீட் கவரும் அப்படித்தான், சீட்டோட ஓரத்துல ஏர்பேக்னு எழுதியிருந்தா அந்த இடம் திறந்து வழிவிடற கவராத்தான் வாங்கணும். நாங்க ஜன்னல் வலையை ராத்திரி வண்டி நின்னதுக்கப்புறம்தான் மாட்டறோம்.

இப்ப ஃபிரிட்ஜ் கதை. எனக்கு இதுலதான் நிறைய நாள் போச்சு. கம்ப்ரசர் வெச்ச 12 வோல்ட் ஃபிரிட்ஜ், நாப்பது லிட்டர். (மலிவா கிடைக்கற தெர்மோ எலக்ட்ரிக் பெட்டி வேற சாதி, அது வெளி வெயிலை விட ஒரு இருபது டிகிரி கம்மியா வெச்சுக்கும் அவ்வளவுதான், கரண்டையும் விடாம இழுக்கும்.) முதல் ட்ரிப்ல டிக்கில இருக்கற சாக்கெட்ல சொருகி விட்டோம், ராத்திரி ரெண்டு மணிக்கு பீப் பீப்னு சத்தம், ஃபிரிட்ஜ் நின்னு போச்சு, திரையில பேட்டரி கம்மின்னு காட்டுது. பேட்டரி பத்தலைன்னு முடிவு பண்ணி ஊர் திரும்பினதும் 100 ஆம்பியர் ஹவர் (ஒரு ஆம்பியர் வீதம் நூறு மணி நேரம் குடுக்கற அளவு) ஏஜிஎம் பேட்டரி (ஈய அமில பேட்டரில ஒரு வகை) ஒண்ணு, அந்த 28 கிலோ, வாங்கி முன் சீட்டுக்குக் கீழ வெச்சு அதே பழைய சாக்கெட் வயர்லயே சேர்த்தேன். அடுத்த ட்ரிப்ல மறுபடி விடியக்காலைல பீப் பீப்.

என் தம்பி கரண்ட் வேலை தெரிஞ்சவன், மல்டிமீட்டரோட வந்தான். “அக்கா, நீ பேட்டரியையே பாத்துக்கிட்டு இருக்க, வயரைப் பாரு”ன்னான். ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில அளந்தான், 12.3. அப்புறம் டிக்கில ஃபிரிட்ஜ் சொருகற இடத்துல அளந்தான், 11.7. நடுவுல 0.6 வோல்ட் எங்க போச்சு? அந்த சாக்கெட்டுக்கு வர்றது 1.5 சதுர மி.மீ வயர், போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர். அஞ்சு ஆம்பியர் ஓடினா அதுலயே கிட்டத்தட்ட அரை வோல்ட் சூடாப் போயிடுது, மீதி சாக்கெட்டோட லூஸ் தொடுப்புல. பேட்டரில பாதி சார்ஜ் இருக்கு, ஆனா வயரோட அந்தக் கடைசில நிக்கற ஃபிரிட்ஜுக்கு அது காலியாப் போன மாதிரி தெரியுது, காரோட பேட்டரியைக் காப்பாத்தணும்னு அதுவே நிறுத்திக்குது. ஃபிரிட்ஜ் மேல ஒரு தப்பும் இல்ல. நாங்க 6 சதுர மி.மீ வயர் தனியா இழுத்தோம், வயர் முனைக்கு லக்குங்கற உலோக வளையம் போட்டு நல்லா நசுக்கி இறுக்கி, சாக்கெட்டுக்குப் பதிலா திருகிப் பூட்டற பிளக் போட்டோம். இப்ப வயர்ல போறது 0.1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான், பீப் சத்தம் அதோட நின்னுச்சு. ஃபியூஸை பேட்டரியோட பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கமா முடியுமோ அவ்வளவு பக்கமா போட்டான் தம்பி. ஃபியூஸ் இருக்கறது வயரைக் காப்பாத்த, ஃபிரிட்ஜ் பக்கம் போட்டா நடுவுல எங்கயாவது வயர் உரசிப் பாடில பட்டு தீப்பிடிச்சா அது சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்.

ஏஜிஎம் பேட்டரியை அப்புறம் குடுத்துட்டு அதே 100ல லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் வாங்கினோம், 12 கிலோ. ஏஜிஎம்மைப் பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா ஆயுசு குறையும், இதுல பெரும்பங்கை எடுத்துக்கலாம். எங்க ஃபிரிட்ஜ் வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 35 ஆம்பியர் ஹவர் எடுக்குது, ரெண்டு நாள் ஒரே இடத்துல நின்னாலும் தாங்குது. இந்தப் பேட்டரிக்கு ரெண்டு விஷயம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழ குளிர்ல சார்ஜ் ஏத்தக்கூடாது, ஆல்டர்னேட்டர்லேர்ந்து (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கறது) நேரா இழுக்காம நடுவுல டிசி டிசி சார்ஜர், அதாவது வர்ற வோல்டேஜைப் பேட்டரிக்குத் தகுந்த மாதிரி மாத்திக் குடுக்கற பெட்டி, போடணும். இப்ப வர்ற கார்ல ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பண்ண வோல்டேஜைத் தானா குறைச்சுக்கும், நேரா போட்டா பேட்டரி முழுசா ஏறவே ஏறாது.

டயருக்கு வருவோம். டயர் பெருசாக்கணும், வண்டியைத் தூக்கணும்னெல்லாம் நாங்க போகல. இருக்கற சைஸ்லயே மண் ரோடு, தார் ரோடு ரெண்டுக்கும் ஆகற ஆல் டெரெய்ன் டயர், லோடு இண்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும்னு காட்டற எண்) குறையாம பாத்து வாங்கினோம். ஸ்டெப்னி எங்களுக்கு ஒல்லியா வந்திருந்துச்சு, 80 கி.மீக்கு மேல போகக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும், மண் ரோட்டுல அதை நம்பிப் போக மனசு வரல, அதனால முழு சைஸ் வீல் ஒண்ணு ஏத்திக்கிட்டோம். ஏத்தினதுல நான் வருத்தப்படாத ஒரே எடை அதுதான். வீல் நட் கழட்டறதுக்குப் பூட்டு நட் சாவி இருக்கற கார்னா அது எங்க இருக்குன்னு இப்பவே போய்ப் பாருங்க.

மணல்ல காத்தை இறக்கறதுதான் முதல் வைத்தியம். 33 பிஎஸ்ஐ இருக்கற டயரை 20க்குக் கொண்டு வந்தா டயர் தரையைத் தொடற இடம் நீளமாகுது, புதையறது குறையுது. வேகம் கம்மியா, திடீர் திருப்பம் இல்லாம போகணும், இல்லன்னா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி மறுபடி அடிச்சே ஆகணும், கம்மிக் காத்துல வேகமா ஓட்டினா பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகாதீங்க, அதோட ஃபியூஸ் பெரும்பாலும் 10லேர்ந்து 20 ஆம்பியருக்குள்ள, கொஞ்சம் பெரிய கம்ப்ரசர் 30 இழுக்கும், நேரா பேட்டரில கிளிப் போடறதுதான். ஜாக்கிக்குக் கீழ வைக்கறதுக்கு ஒரு முழ அகலப் பலகை வேணும், மணல்ல ஜாக்கி வண்டியைத் தூக்காம தானே உள்ள போகும். பழைய இழுப்பறையோட 18 மி.மீ பிளைவுட்ல ஒரு துண்டு அதுக்காச்சு.

சக்கரம் சுத்த ஆரம்பிச்சா ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க, மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். மண்ணை வாரி, பலகையை முன் சக்கரத்துக்கு முன்னாடி சொருகி (எங்களுக்கு முன்தான் இழுக்கற சக்கரம்), மெதுவா ஏத்தணும். இன்னொரு வண்டி வந்து இழுக்குதுன்னா பின்னாடி டிரெய்லர் மாட்டற குண்டுல கயிறு போட விடாதீங்க, யார் சொன்னாலும் விடாதீங்க. அது டிரெய்லரை நிதானமா இழுக்க செஞ்சது, எலாஸ்டிக் கயிறோட உதறல்ல அந்தக் குண்டு முறிஞ்சு பறந்து ஆள் செத்திருக்காங்க. கார் புக்ல காட்டியிருக்கற இழுவைக் கொக்கில மட்டும்தான், அதுவும் மெதுவா, பசங்களைத் தூரமா நிறுத்திட்டு.

ராத்திரி ஜன்னலை எதிரெதிர்ப் பக்கமா ரெண்டு விரல் அகலம் திறந்து வைக்கறோம், இல்லன்னா மூச்சுக்காத்து கண்ணாடில தண்ணியா வழிஞ்சு காலைல போர்வையெல்லாம் ஈரம். குளிருதுன்னு அடுப்பையோ கரியையோ கார்க்குள்ள, டென்ட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. பேட்டரில ஓடற அலாரம் ஒண்ணு காருக்குள்ள, ஒண்ணு டென்ட்ல வெச்சிருக்கோம். குளிர் இடத்துல அடுப்பு எரியலைன்னா அடுப்பு மேல சந்தேகப்படாதீங்க, பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்துலயே ஆவியாகறதை நிறுத்திடும், புரோப்பேன் கலந்தது வாங்கணும். பெட்ரோல் கேன் ஆளு உக்கார்ற இடத்துக்குள்ள வேண்டவே வேண்டாம், நாங்க அதை ஏத்தறதையே விட்டுட்டு பம்ப்புக்குப் பம்ப்பு தூரம் பாத்து ரூட் போடறோம்.

முதல் ராத்திரியை வாசல்லயே தூங்கிப் பாத்தோம், நிறைய புரிஞ்சுது. பையனுக்கு ராத்திரி பாத்ரூம் போகணும்னா நான் எந்தக் கதவைத் திறக்கறது, டார்ச் எங்க இருக்கு, உள்ளேர்ந்து பின் கதவு திறக்குமா? எங்க கார்ல திறக்கல. அதனால என் தலையைப் பின்பக்கம் வைக்காம முன்பக்கம் வெச்சுப் படுத்தேன், பக்கக் கதவு கை எட்டற தூரத்துக்கு வந்துச்சு.

போன வாரம் மறுபடி எடை மேடை. 2010 கிலோ, பின் ஆக்ஸில் 1085. லோடு ஏத்தினா பின்பக்கம் கொஞ்சம் உக்காரும், ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும், டேஷ்போர்டுல இருக்கற சின்னத் திருகைச் சுத்தி வெளிச்சத்தை இறக்கி விட்டேன். வீல் மாட்டி நூறு கி.மீ ஆச்சு, நட்டையெல்லாம் ஒரு தடவை இறுக்கிப் பாக்கணும், அது பாக்கி. வரம்புக்கு இன்னும் 90 கிலோ இருக்கு. பையன் அவன் சைக்கிளை எடுத்துட்டு வரலாமான்னு கேக்கறான், எட்டு கிலோ, எந்தக் கொக்கில கட்டினா பொண்ணு சீட்டுப் பக்கம் வராதுன்னு அளந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.